பெங்களூரு 560005

வீட்டில் ஆசீர்வாத் கோதுமை மாவு இருந்தால் பையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சன்ஃபீஸ்ட் பிஸ்கட் பொட்டலம் என்றாலும் சரி. குறை இருந்தால் எழுத வேண்டிய முகவரி என்று பொடி எழுத்தில் ஒரு தபால் பெட்டி எண் இருக்கும். அதையடுத்து பெங்களூரு 560005. கன்னியாகுமரியில் மளிகைக் கடை வைத்திருப்பவரும் தினமும் கையில் எடுத்துக் கொடுக்கும் முகவரி இது. நான் தங்கப் போயிருந்த சித்தி வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிறது. அதற்கும் இதே அஞ்சல் எண்தான்.

ஓசூர்ப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் தொழில்முனைவு பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சொந்தமாக ஒரு பெட்டிக்கடைகூட வைத்துப் பார்க்காதவன் நான். மாதச் சம்பளத்திலேயே காலம் போயிற்று. கோரமங்கலாவில் இரண்டு பேர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, நூடுல்ஸ் தின்று, கோடீஸ்வரரான கதைகளை அந்தப் பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எனக்குப் பிடிபடும் மனிதர்கள் வேறு வகை. சம்பளம் வாங்கிக்கொண்டு, மேலதிகாரிக்குப் பதில் சொல்லிக்கொண்டு, பழைய நிறுவனம் ஒன்றின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே புதிதாக ஒன்றைத் தொடங்கியவர்கள். அப்படிப்பட்ட இடங்கள் சில பெங்களூரில் உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டு ஓசூருக்குப் போகலாம் என்று முன்னதாகவே கிளம்பினேன்.

பிருந்தாவனில் வந்து கன்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கினால் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம். ஆட்டோக்காரர் தமிழிலேயே வாடகை பேசினார். இந்தப் பகுதியில் அது ஆச்சரியமில்லை. 1809இல் பிரிட்டிஷ் ராணுவம் பாளையம் இறக்கிய நாளிலிருந்து சமையல்காரர், தோட்டக்காரர், கொத்தனார், குமாஸ்தா என்று தமிழர்கள் வந்து குடியேறிய ஊர். 1898இல் பிளேக் பரவியபோது நெரிசலான பழைய தெருக்களை விட்டு மக்களை வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. அகலத் தெருக்களோடு ஃபிரேசர் டவுன் பிறந்தது, அதைத் தொட்டடுத்து இந்த ஊர்களெல்லாம் வந்தன. ஃபிரேசர், காக்ஸ், குக், ரிச்சர்ட்ஸ் எல்லாம் அதிகாரிகளின் பெயர்கள்தான்.

இவர்களில் ரிச்சர்ட்ஸ் நமக்குக் கொஞ்சம் உறவு. எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் இங்கே கலெக்டராக இருந்தவர். 1918இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெசட்டியரை எழுதியவரும் அவர்தான். ஓசூர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. வரி வசூலும் சாக்கடையும் பார்த்தது போக, 1909இல் பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்ற ஆய்வு மன்றம் தொடங்கியபோதும் முன்னால் நின்றார். உத்தியோகத்துக்குள் இருந்துகொண்டே வேறொன்றைத் தொடங்கும் ஆசை இந்தத் தெருப்பெயரிலேயே இருக்கிறது.

சித்தி வீடு இருக்கும் தெருவில் பழைய பங்களாக்கள் இன்னும் சில மிச்சம். சன்னலுக்கு மேல் கூரான மரக்கூம்பு வைத்து, அதன் ஓரத்தில் பல் பல்லாக மரச்சீவல் தொங்கவிட்ட வீடுகள். பாதிக்கு மேல் அடுக்குமாடி ஆகிவிட்டன. பூங்காவில் மட்டும் பெரிய மரங்களை யாரும் தொடவில்லை. காலையில் கிளாரன்ஸ் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்க, உள்ளே நடைப்பயிற்சிக் கூட்டம் தமிழ், கன்னடம், ஆங்கிலம், தக்கணி உருது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் பேசிக்கொண்டு சுற்றுகிறது.

அங்கே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர், ஆசீர்வாத் மாவைப் பற்றி நான் கேட்டதும் சிரித்தார். சிகரெட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“எங்கப்பாவும் அங்கதான், நானும் அங்கதான் தம்பி. காலைல சங்கு ஊதுனா தெருவே கெடிகாரத்த சரி பண்ணும். கோதுமை மாவு விக்கப்போறாங்கன்னு சொன்னப்ப நாங்க சிரிச்சோம். சிகரெட் கம்பெனி மாவுல எவ சப்பாத்தி போடுவா?”

“இப்ப உங்க வீட்டுல என்ன மாவுங்க ஐயா?”

“அதான் மருமக வாங்கறா. நான் எங்க கேக்கறது?”

அவர் சொன்ன ஃபேக்டரி கிழக்கு ரயில் நிலையத்தை ஒட்டி இருந்தது. 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டுபாக்கோ என்று பிறந்த நிறுவனம், அடுத்த சில ஆண்டுகளிலேயே இங்கே சிகரெட் ஆலை வைத்தது. 1970இல் இந்தியா டுபாக்கோ ஆயிற்று, 1974இல் ஐ.டி.சி. என்று எழுத்துகளாகச் சுருங்கியது, 2001இல் இடையிலிருந்த புள்ளிகளும் போயின. சிகரெட் உற்பத்தி நகரத்துக்கு வெளியே போய்விட்டது. பானஸ்வாடி மெயின் ரோட்டில் அந்தப் பழைய வளாகம் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஒன்றில் மென்பொருள் கம்பெனி, இன்னொன்றில் மாவும் பிஸ்கட்டும் விற்கும் உணவுப் பிரிவு. வாசலில் காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போக எனக்கும் காரணமில்லை. வெளியே நின்று பார்த்தாலே எனக்கு வேண்டியது இருந்தது: அடையாள அட்டை தொங்கும் கழுத்துகள், டெம்போ, டீக்கடை, டீக்கடையில் அவர்களுடைய பிஸ்கட்டே.

ஐடிசியின் கதையில் எனக்குப் பிடித்தது வெற்றியல்ல, அதற்கு முன்னால் அது பட்ட அடிகள். சன்ட்ராப் சமையல் எண்ணெயில் இறங்கிப் பிறகு அதை அமெரிக்க நிறுவனத்துக்குக் கைமாற்றியது. கிளாசிக் என்ற பெயரில் நிதி நிறுவனம் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டது, 1997இல் அது ஐசிஐசிஐயோடு போய்ச் சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்பே, 1975இல் சென்னை கதீட்ரல் சாலையில் ஓர் ஓட்டலை வாங்கி ‘சோழா’ என்று பெயர் வைத்தது. சிகரெட் விற்பவனுக்கு ஓட்டல் எதற்கு என்று அப்போதும் கேட்டிருப்பார்கள். ஒய்.சி. தேவேஷ்வர் 1996இல் தலைவரானபோது, பழைய ஆசைகளில் பாதி நஷ்டக் கணக்கில் கிடந்தன. இன்னொரு தலைவராக இருந்தால் சிகரெட்டை மட்டும் பார்ப்போம் என்று கதவைச் சாத்தியிருப்பார்.

அவர் சாத்தவில்லை. விவசாயப் பொருள் ஏற்றுமதிப் பிரிவு அந்தப் பெரிய குடும்பத்தில் ஒரு சின்னப் பிள்ளை. அதன் பொறுப்பில் இருந்தவர் எஸ். சிவகுமார், ஆனந்தில் இருக்கும் கிராம மேலாண்மைக் கல்லூரியில் படித்து வந்தவர். மண்டிக்குப் போகும் சோயா விவசாயிக்கு அன்றைய விலை மண்டி வாசலில்தான் தெரியும், திரும்பி வர வண்டிச்சத்தம் இல்லாததால் சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வருவார் என்பது அவருக்குத் தெரிந்த சங்கதி. 2000 ஜூனில் மத்தியப் பிரதேசத்துக் கிராமங்களில், ஒரு விவசாயியின் வீட்டுத் திண்ணையிலேயே கம்ப்யூட்டரை வைத்தார்கள். கூரையில் செயற்கைக்கோள் ஆண்டெனா, மின்சாரம் போனால் சூரிய ஒளி பேட்டரி. விலையைப் பார்த்துவிட்டு விவசாயி மண்டிக்கும் போகலாம், ஐடிசிக்கும் கொடுக்கலாம். இ-சௌபால் என்று பெயர். உச்சத்தில் 10 மாநிலங்கள், 35,000 கிராமங்கள், 40 லட்சம் விவசாயிகள் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது.

கோதுமை அந்த வழியாகத்தான் வந்தது. 2002இல் ஆசீர்வாத் மாவு. இந்த இடத்தில்தான் ஒரு பழைய நிறுவனத்தின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிகிறது. எந்தக் கோதுமையை எதோடு கலந்தால் எந்த ஊர் நாக்குக்குப் பிடிக்கும் என்று பார்க்க ஓட்டல் சமையல்காரர்கள் இருந்தார்கள். பை அச்சடிக்க வெளியே போக வேண்டாம். சிகரெட் பெட்டிக்காக 1925லேயே தொடங்கிய அச்சுப் பிரிவு இருந்தது, அதன் ஆலை ஒன்று நம் திருவொற்றியூரில். கடைக்குக் கொண்டுபோகப் புதிதாக ஆள் தேட வேண்டாம், மூலைமுடுக்குப் பெட்டிக்கடை வரை சிகரெட் போகும் பாதை இருந்தது. வெளியிலிருந்து ஒருவர் வந்து இதையெல்லாம் கட்ட வேண்டுமென்றால் ஒரு தலைமுறை ஆகும். உள்ளே இருப்பவருக்கு வேண்டியது, அடுத்த பிரிவின் மேலாளர் போனை எடுப்பது ஒன்றுதான். கேட்கச் சின்ன விஷயம். பெரிய அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அடுத்த பிரிவு போனை எடுக்க வைப்பதற்குத்தான் தலைவர் வேண்டும்.

இன்னொன்று, காசு. 2003இல் பிஸ்கட், அதே காலத்தில் நோட்டுப் புத்தகம், ஊதுவத்தி, 2007இல் சிப்ஸ் என்று வரிசையாக இறக்கிய இந்தப் பிரிவு நஷ்டத்திலிருந்து லாபத்துக்குத் திரும்பப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அத்தனை ஆண்டும் பள்ளத்தை நிரப்பியது சிகரெட். என் மாமா ஒருவர் அந்தச் சிகரெட்டால்தான் போனார். அதனால் இந்தக் கதையைக் கைதட்டிச் சொல்ல எனக்கு வரவில்லை. ஆனால் கல்லூரியில் மேடையேறி, துணிவே துணை என்று பேசுவதைவிட, ‘உன் நஷ்டத்தை யார், எத்தனை வருஷம் தாங்குவார்?’ என்று கேட்பது நேர்மையானது என்று அந்த வாசலில் நிற்கும்போது தோன்றியது.

திரும்பும்போது பாட்டரி ரோடு வழியாக வந்தேன். பாட்டரி டவுன் என்று ஒரு சின்னக் குயவர் குடியிருப்பு. தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. சமையல் சட்டி பானைக்கு ஆள் குறைந்தபோது பூந்தொட்டிக்கும் அகல் விளக்குக்கும் பிள்ளையாருக்கும் மாறிக்கொண்டார்கள். திறந்த வெளியில் கால் முடிந்த, தலை வைக்காத பிள்ளையார்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஈரமண்ணில் விரலால் தும்பிக்கையின் வளைவை இழுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ‘எப்பக்கா இதுக்கு மாறுனீங்க?’ என்று கேட்டேன். ‘எங்க மாமனார் காலத்துலயே’ என்றார், கையை எடுக்காமல். அவருக்கு அனுமதி கொடுக்க நிர்வாகக் குழு எதுவும் இல்லை, தோற்றால் தாங்கவும் எதுவும் இல்லை.

மறுநாள் இன்ஃபன்ட்ரி ரோடு சஃபீனா பிளாசா. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் கடந்துபோகும் கட்டடம். 1987இல் டைட்டன் தன் முதல் ஷோரூமை இங்கேதான் திறந்தது. டைட்டனை டாடா கம்பெனி என்று சொல்லிவிட்டுப் போகிறோம். பாதிக் கதைதான் அது. டாடா குழுமத்தில் அச்சகம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தவர் செர்க்ஸஸ் தேசாய். டாடா பிரஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அவரும் அனில் மன்சந்தா என்ற சக அதிகாரியும் அடுத்து என்ன செய்யலாம் என்று தேடி, கைக்கடிகாரத்தில் வந்து நின்றார்கள். அச்சகத்துக்கும் கடிகாரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தப் பக்கம் சென்னையில், தமிழ்நாடு அரசின் டிட்கோவுக்குத் தலைமை வகித்த ஐஏஎஸ் அதிகாரி ஒருவரும் மாநிலத்துக்கு ஒரு கடிகார ஆலை வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர் ஐராவதம் மகாதேவன். சிந்துவெளி எழுத்துக்கும் தமிழ்ப் பிராமிக்கும் வாழ்நாளைக் கொடுத்த அதே மகாதேவன். டைட்டன் கடைகள் திறந்த அதே 1987இல் அவர் தினமணி ஆசிரியர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கோப்பில் கையெழுத்துப் போடுவதோடு நிற்காத அரசு அதிகாரிக்கு உதாரணம் கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன்.

1984இல் கம்பெனி பதிவாயிற்று, ஓசூரில் ஆலை எழுந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை அழைத்து வந்து, நுண்ணிய வேலைக்குக் கையைப் பழக்கினார்கள். இன்றைக்கும் டைட்டனில் 27.88 சதவீதப் பங்கு டிட்கோவுடையது. டாடாக்களுடையதைவிட அதிகம். ஓர் அரசு நிறுவனம் வேலையை நடத்துபவரிடம் விட்டுவிட்டு ஒதுங்கி இருக்கக் கற்றுக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தப் பங்கின் இன்றைய மதிப்பே பதில்.

இதே பெங்களூரில் எச்எம்டி இருந்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. என் அப்பா கையில் கட்டியிருந்தது எச்எம்டி. அவர்களுக்குப் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டைட்டன் வருவதற்கு முன்பே, 1981லேயே, குவார்ட்ஸ் கடிகாரம் வெளியிட்டவர்கள் அவர்கள். தெரிந்திருந்தும் சாவி கொடுக்கும் கடிகாரத்தை விட்டு நகர மனம் வரவில்லை, அல்லது நகரச் சொல்லும் அதிகாரம் யாரிடமும் இல்லை. அங்கே பழகிய கைகள் பல ஓசூருக்குப் போய்ச் சேர்ந்தன. 2016இல் எச்எம்டி கடிகார ஆலைகளை மூட மத்திய அரசு முடிவெடுத்தது.

டைட்டனுக்குள்ளும் ஒரு சோதனை வந்தது. 1990களின் தொடக்கத்தில் உதிரிப்பாகம் இறக்குமதி செய்ய அன்னியச் செலாவணி வேண்டும், அதற்காக நகை செய்து ஏற்றுமதி பண்ணலாம் என்று தொடங்கியது தனிஷ்க். ஏற்றுமதி கைகொடுக்காமல் உள்நாட்டில் 18 கேரட் நகையை வைத்தால், நம் பெண்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் நஷ்டம், மூடிவிடலாம் என்ற பேச்சு. கடைசியில் காப்பாற்றியது ஒரு சோதனைக் கருவி. கேரட் மீட்டரைக் கடையில் வைத்து, உங்கள் நகையைக் கொண்டுவாருங்கள், உருக்காமல் உரசாமல் தங்கம் எவ்வளவு என்று காட்டுகிறோம் என்றார்கள். குடும்ப ஆசாரியை நம்பி 22 என்று வாங்கியது 19, 18 என்று திரையில் தெரிந்தபோது எத்தனை வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். அந்த 19க்கு 22 கேரட் மாற்றித் தருகிறோம் என்று ஒரு திட்டமும் போட்டார்கள். இன்று டைட்டனின் வருமானத்தில் பெரும்பங்கு நகையிலிருந்து வருகிறது.

கம்பெனிக்கு லாபம் என்றாவது ஓர் அளவுகோல் உண்டு. பல்கலைக்கழகத்தில் அதுகூடக் கிடையாது. இந்திய அறிவியல் கழகத்தின் மரங்களுக்கடியில் நடந்தபோது இதைத்தான் யோசித்தேன். டாடாவின் கொடையும் மைசூர் அரசின் நிலமுமாக 1909இல் எழுந்தது அந்தக் கழகம். பேராசிரியர் கம்பெனிக்கு ஆலோசனை சொல்லலாம். அவரே கம்பெனி தொடங்கலாமா? ஆய்வகத்து மின்சாரம் யார் கணக்கு? மாணவன் ஆய்வேட்டுக்கு வேலை செய்கிறானா, கம்பெனிக்கா? 2000இல் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் என்ற நான்கு கணினிப் பேராசிரியர்கள் வேலையை விடாமலே, கழகத்தின் ஒப்புதலோடு ஸ்ட்ராண்ட் ஜீனோமிக்ஸைத் தொடங்கினார்கள். அப்படித் தொடங்கப்பட்ட முதல் கம்பெனி அது. மரபணுத் தரவை அலச மென்பொருள் எழுதிய அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை 2021இல் ரிலையன்ஸ் வாங்கியது.

அதே ஆட்கள் கைவைத்த இன்னொன்று சிம்ப்யூட்டர். ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கையடக்கக் கணினி, எழுத்தறியாதவர்க்கும் வாசித்துக் காட்டும். 2001இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாக, அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தபோது, கையை அசைத்தால் பக்கம் புரளும் வசதிகூட இருந்தது. ஐபோனுக்கு மூன்று வருஷம் முன்னால். விற்றது சில ஆயிரம். காரணம் பலவாகச் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது, சிம்ப்யூட்டருக்குத் திருவொற்றியூர் அச்சகமும் பெட்டிக்கடைப் பாதையும் இல்லை. யோசனையில் அது ஆசீர்வாத் மாவைவிட ஆயிரம் மடங்கு பெரியது.

ஓசூர் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டியதும் தமிழ்ப் பலகைகள் ஆரம்பித்தன. சென்னை ஐஐடியில் படித்த இரண்டு பேர் 2013இல் தொடங்கி, ஐஐடி வளாகத்திலேயே வளர்ந்து, பெங்களூருக்குப் போன ஏத்தர் ஸ்கூட்டருக்கும் இப்போது ஓசூரில்தான் ஆலை. 

கல்லூரியில் ஐடிசி, டைட்டன், அறிவியல் கழகம் என்று இதையெல்லாம் சொன்னேன். 2019இல் மத்திய அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்காக வெளியிட்ட ஸ்டார்ட்அப் கொள்கையையும் எடுத்துக் காட்டினேன். ஆசிரியர் கம்பெனி தொடங்கலாம், அதற்காகச் சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம், கல்லூரியின் வசதிகளைப் பயன்படுத்தினால் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு கல்லூரிக்கு என்று அதில் எழுதியே இருக்கிறது. பிள்ளைகள் கேட்டதெல்லாம் முதலீடு பற்றித்தான். கூட்டம் கலைந்த பிறகு இயந்திரவியல் துறை விரிவுரையாளர் ஒருவர் தனியாக வந்தார். மாந்தோப்புக்காரர்களுக்காக ஒரு சின்னக் கருவி செய்து வைத்திருக்கிறாராம், மூன்று விவசாயிகள் ஏற்கெனவே கேட்கிறார்களாம். அந்தக் கொள்கைப் பக்கத்தை என் போனிலிருந்து அவருக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, வராந்தாவில் ஆள் இருக்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு கேட்டார்: “இத எங்க செகரட்டரிகிட்ட நான் சொன்னா நல்லா இருக்காது சார். நீங்க சாப்பாட்டுல அவர் பக்கத்துலதான உக்காருவீங்க, பேச்சோட பேச்சா எடுத்து விடறீங்களா?”